தண்ணீர் ஊற்றும் பள்ளிக்கூடம்

"தண்ணி ஊத்துததுக்கு ஒரு பள்ளிக்கூடமா டீச்சர்?"

தேவபிரசாதம் சத்தமாகக் கேட்டதில், பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தன. ஒரு பிள்ளை சின்னக் கூஜாவிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று மரச்சட்டத்தில் கட்டிய துணியில் பித்தான்களைப் போட்டுப் போட்டுக் கழற்றியது. சிலேட்டு, புத்தகம் எதுவும் கண்ணில் படவில்லை.

"இது மாண்டிசோரி முறை அண்ணாச்சி. முதல்ல கை பழகணும். எழுத்து பின்னால தானா வரும்" என்றார் கிரேசி டீச்சர்.

"எங்க தெருவுல கான்வென்ட் பிள்ளை ஒண்ணு மூணு வயசுலயே நூறு வரைக்கும் எழுதுது. எம் பிள்ளை ஒரு வருசம் படிச்சிட்டு வந்து, 'அப்பா, நான் நல்லாத் தண்ணி ஊத்துவேன்'னு சொல்லணுமாக்கும்! ஹார்பர்ல கேட்டா சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும்" என்றாள் அவர் மனைவி மரியசெல்வி. "நூறு வரைக்கும் எழுதுத அந்தப் பிள்ளைக்கு இன்னும் அவ அம்மதான் சோறு ஊட்டுதா."

"ஊட்டட்டுமே. பெறகு அம்மான்னு ஒருத்தி எதுக்கு இருக்காளாம்?"

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார்.

மரியசெல்வி சிரிக்கவில்லை. அடுத்த ஈஸ்டரைப் பார்ப்பது கஷ்டம் என்று பாளையங்கோட்டையில் டாக்டர் அவளிடம் சொல்லி இருபது நாள் ஆகிறது. வயிற்றுவலி என்று தனியாகப் போனவள், "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாது சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற மனிதர். மேலே இவர் மனம் ஒரு நொடி தடுமாறினால், கீழே நிற்கிறவன் தலையில் சரக்கு இறங்கிவிடும். வீட்டில் வேறு பெண் துணையும் கிடையாது. மூன்று வயது ஞானதீபம் தானே சாப்பிட, தானே உடுத்திக்கொள்ளப் பழகியாக வேண்டும். காரணம் தெரியாமலே அவர் இதற்குச் சரி என்று சொல்லியாக வேண்டும்.

இதற்குள் ஞானதீபம் மெல்ல நழுவிப்போய் ஒரு கூஜாவைத் தூக்கியிருந்தாள். டம்ளரில் பாதி, பாயில் பாதி. கவுன் முழுக்க ஈரம்.

"ஐயோ, தீபம்!" மரியசெல்வி முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நில்லுங்கம்மா" என்றார் டீச்சர். "நீங்க போகாதீங்க. அவளே தொடைப்பா."

ஒரு துணியைக் குழந்தையின் பக்கத்தில் வைத்துவிட்டு டீச்சர் விலகி நின்றார். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா வரவில்லை. உதடு பிதுங்கியது. மரியசெல்வி முந்தானையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஞானதீபம் துணியை எடுத்துப் பாயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

தேவபிரசாதம் சட்டென்று எழுந்தார். "பச்சப் பிள்ளைய வேலை வாங்குத எடமால்லா இருக்கு! எனக்கு இங்கன மூச்சு முட்டுது. வா தீபம், நாம ஊஞ்சலப் பாப்போம்." குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மரியசெல்வி அவசரமாக டீச்சர் பக்கம் நகர்ந்தாள்.

"டீச்சர், எத்தனை மாசத்துல கவுனுக்குப் பித்தான் போட்டுக்கிடுவா?"

"நாலஞ்சு மாசத்துல போட்டுருவா."

"தலை சீவ?"

"அதுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்."

"ஈஸ்டருக்குள்ள முடியுமா டீச்சர்?" கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. நாலே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். "அவுகளுக்குத் தெரியாது. நீங்களும் காட்டிக்கிடக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா" என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மரியசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ஏளா, முடிவு பண்ணிட்டியா? அஞ்சு வயசுல கான்வென்ட்ல பரீட்சை வச்சா, கூஜாவத் தூக்கிட்டா போவா?"

"அஞ்சு வயசுல இங்க உள்ள பிள்ளைங்க நல்லா வாசிக்கும் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"இந்த ஒண்ணுல எம் பேச்சக் கேளுங்க. இனிமே உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் மரியசெல்வி.

அவர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "சரி, சேத்துத் தொலை. அடுத்த வருசம் பிள்ளைக்கு ஒரு எழுத்து தெரியலன்னா ஒன்னத்தான் பிடிப்பேன், பாத்துக்க."

"பிடிங்க. பதில் சொல்லுதேன்" என்று அவள் சிரித்தாள்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. பேரு நான் எழுதிக்கிடுதேன்" என்றார் டீச்சர்.

மூவரும் கேட்டைத் தாண்டிய பிறகு டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். அதில் ஞானதீபம் என்ற பெயரும், பக்கத்தில் தேவபிரசாதத்தின் கையெழுத்தும் போன வாரமே ஏறியிருந்தன. அன்று தனியாக வந்து அழுத மனிதர், போகும்போது சொன்னார்: "டாக்டர் ஆள் விட்டுக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு டீச்சர். அவளக் கூட்டிட்டு வந்து நான் வேண்டாம் வேண்டாம்னு சண்ட போடுவேன், மனசுல வச்சுக்கிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவ இன்னும் நிமிந்து நடக்கா."