திருஇருதயப் படமும் ஆடும் ஆணியும்

"ஏலே, அந்தப் படத்துல கை வச்சே, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!"

பிலோமினா போட்ட சத்தத்தில், ஸ்டூல் மேல் நின்ற மகன் ஆரோக்கிய பிரபு அப்படியே நின்றான். கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில், நெஞ்சைத் திறந்து காட்டியபடி இயேசுவின் திருஇருதயப் படம்.

"இயேசு கடவுளோட மகன்தேன்மா, கடவுள் இல்ல. அவரு படத்துக்கு மாலை போட்டு முழங்கால் போடுறது தப்பு. வேணும்னா அண்ணன்கிட்டக் கேளு."

அண்ணன் என்றது, மடியில் வேதப்புத்தகத்தோடு நாற்காலியில் இருந்த இஸ்ரவேலை. தேனியில் ஒரு மாடி அறையில் வேதபாடம் நடத்துபவர். அவர் பேச ஆரம்பித்தால் சுருளி அருவி சற்று நின்று கேட்டுவிட்டு அப்புறம்தான் விழும் என்பார்கள். போன சனிக்கிழமை ராயப்பன்பட்டி மாதா கோயில் உபதேசியாரையே இதே வீட்டில் வைத்து மடக்கிவிட்டார். அன்று கட்டிய தொண்டை உபதேசியாருக்கு இன்னும் திறக்கவில்லை. கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறார்.

"ஒத்துக்கிட்டபடி நடக்கணும்லம்மா?" என்றார் இஸ்ரவேல். "உங்க பக்கம் பேச இன்னிக்கு இன்னொரு ஆளு. அவரும் பதில் சொல்ல முடியலைன்னா படம் இறங்கணும்."

"இறங்கட்டும். சொல்லிட்டாகன்னா?"

"இந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். படத்தைப் பத்தித் தம்பியும் வாயைத் திறக்கக் கூடாது."

"அப்பச் சரி." பிலோமினா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வாங்க!"

கையைத் துடைத்தபடி ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலைவலியாம், புருவம் வரை இறக்கித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"எங்க பொறந்த ஊரு, கெங்குவார்பட்டி. அங்கன சாமி காரியம் பூராவும் அண்ணன்தேன் பாக்குறாக."

கெங்குவார்பட்டி உபதேசியார் போலிருக்கிறது என்று இஸ்ரவேல் எடை போட்டார். கையில் ஒரு வேதப்புத்தகம்கூட இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"ஐயா, கடவுளுக்குப் பொறப்பு உண்டா?"

"நெனச்சா உண்டு தம்பி. ஏன், உங்ககிட்டக் கேட்டுட்டுத்தேன் பொறக்கணுமோ?"

ஸ்டூல் மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. இஸ்ரவேல் நிமிர்ந்து பார்த்ததும் பிரபு அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"தந்தை தன்னைவிடப் பெரியவர்னு இயேசுவே சொல்லியிருக்காரு. அப்புறம் ரெண்டு பேரும் எப்படிச் சமம்?"

"எந்தப் பிள்ளையாச்சும் நாலு பேரு முன்னால அப்பனைச் சின்னவருன்னு சொல்லுமா? மரியாதை தெரிஞ்ச பிள்ளை. சொல்லியிருக்கு."

இஸ்ரவேல் பக்கங்களைப் புரட்டினார். "சரி. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரு. மூணும் எப்படிய்யா ஒரே கடவுளாகும்?"

"தங்கச்சி அடுப்புல சட்டியைத் தாங்குற குமிழு மூணு இருக்கு. அதுக்காக மூணு அடுப்புன்னா சொல்லுவீக?"

"அது மண்ணுய்யா! நான் பேசுறது கடவுளைப் பத்தி!"

"மண்ணுக்கே அம்புட்டு நடக்குதுல்ல? கடவுளு உங்க கணக்குக்குள்ள அடங்கிட்டாருன்னா அவரு எதுக்கு? நீங்களே போதுமே!"

இஸ்ரவேலுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. உபதேசியாரின் தொண்டையைக் கட்டிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"கடவுள் சாவாராய்யா? இயேசு சிலுவையில செத்தாரே. செத்தவரு எப்படிக் கடவுளாவாரு?"

பெரியவர் பிலோமினாவைப் பார்த்தார்.

"இவ புருசன் ஏலத்தோட்ட வேலைக்குப் போனப்ப, குமுளி மலைப்பாதையில ஜீப்பு கவுந்து செத்தாரு. அன்னைக்கு இவ யாருகிட்டப் போயி அழுவா? அடியும் தெரியாம, வலியும் தெரியாம மேல உக்காந்திருக்கவருகிட்டயா? சாவே தெரியாத சாமிக்குச் செத்த வீட்டுல என்ன சோலி? அடுத்தவுகளைக் காப்பாத்தக் குத்துப்பட்டுச் செத்தவரு சாமி இல்லேன்னா, வேற எவருதேன் தம்பி சாமி?"

இஸ்ரவேல் பதிலைத் தேடினார். புத்தகத்தில் நிச்சயம் இருந்தது. பிலோமினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லத்தான் வரவில்லை.

பிரபு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனியாமலே கையை நீட்டினான்.

"சுத்தியலை எடும்மா. ஆணி ஆடுது."

சொன்ன சொல் மாறாதவர் இஸ்ரவேல். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

பஸ் நிறுத்தத்தில் பெரியவரும் வந்து பக்கத்தில் நின்றார். இஸ்ரவேலுக்கு மனசு ஆறவில்லை.

"எத்தனையோ உபதேசியாரைப் பார்த்துட்டேன்ய்யா. செத்தவர்தான் சாமின்னு இம்புட்டு உறுதியா யாரும் பேசலை. நீங்க எந்தப் பங்குக் கோயிலு?"

பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி; நடுவில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"உறுதியாப் பேசாம? ஊரு மாட்டைக் காக்கப் போயி வெட்டுப்பட்டுச் செத்தவருதேன் எங்க சின்னக்கருப்பு. நான் அவருக்குப் பூசாரி. இன்னைக்கு இங்கன உங்களை ஜெயிக்க விட்டா, நாளைக்கு எங்க தெருவுக்கு வருவீகள்ல?"

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பூசாரி திரும்பினார்.

"மூணு பேருக்கே இந்த முழி முழிக்கிறீகளே தம்பி, எங்க கோயில்ல இருபத்தொரு சாமி, பொங்கப்பானை ஒன்னுதேன்!"