சிங்கம் பார்க்கக் கிளம்பிய தொக்கு

ஆப்பிரிக்கப் புதர்க்காட்டுக்குள் போகும் குட்டி விமானத்தில் ஆளுக்கு ஒரு துணிப்பைதான், அதுவும் பதினைந்து கிலோதான். ஜெசிந்தாவின் பைக்குள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தது, சிங்கம் பார்க்கவென்றே வாங்கிய பைனாகுலர்.

அடுத்து நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு பாட்டில் இறங்கியது. "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றது.

"காட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டது பைனாகுலர்.

"மூணாம் நாளும் அதே ரொட்டியைக் கொடுப்பாங்கல்ல, அப்ப கேளு. சொல்றேன்."

எடை மிஷின் பதினாறு காட்டியது. ஜெசிந்தா பாட்டிலைக் கையில் எடுத்தாள், யோசித்தாள், திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள். பைனாகுலரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

பைனாகுலருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் இல்லாம தூரத்துல நிக்கிற சிங்கத்தை இவங்க எப்படிப் பாப்பாங்க?" என்று கத்தியது.

"அது ஏன் தூரத்துல நிக்கப்போகுது?" என்றது பாட்டில். "கூடாரத்துல என் மூடியை ஒரு தடவை திறக்கட்டும். அதுவே பக்கத்துல வந்து நிக்கும்."

பைனாகுலர் அழுகையை நிறுத்திவிட்டு, அலமாரிக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டது.