சிமிட்டாத பச்சை விளக்கு

"இதை நோண்டினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். ரெய்னோ காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

மினசோட்டாவில் எங்கள் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் உணவு வங்கி. அங்கிருக்கும் ஃப்ரீசரில் நாற்பது வான்கோழிகள், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வழியில்லாத வீடுகளுக்குப் போக வேண்டியவை. ஃப்ரீசர் கிழடு, திடீரென்று நின்றுவிடும். அதனால்தான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை நானே மாட்டியிருந்தேன். குளிர் குறைந்தால் போனுக்குச் செய்தி வரும். வராதவரை கவலையில்லை.

இன்று பார்த்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை சிமிட்டவே இல்லை. கரண்ட் வருகிறது, ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை. நாற்பது வருஷம் டெலிபோன் கம்பெனியில் இருந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? அடாப்டரை மாற்றினேன். கார்டைத் துடைத்துச் செருகினேன். ம்ஹூம்.

மூன்று வாரமாக ரெய்னோ தினமும் விடிந்ததும் சாவி வாங்கிப் போகிறான் என்றாள் பெர்னிஸ். இந்த உணவு வங்கியே அவள் பொறுப்பு. எனக்கு அது போதும். மாட்டிய அன்றே, "இதெல்லாம் எதுக்கு, வந்து பார்த்தா போச்சு" என்று முணுமுணுத்தவன் அவன். எல்லார் முன்னாலும் அவனை வறுத்தெடுத்தேன்.

"கார்டுல நீ என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு இப்பவே காட்டுறேன், இரு."

லேப்டாப்பில் போட்டேன். ஒரு மான். இன்னொரு மான். வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் கட்டிவைக்கும் கேமராவின் கார்டு.

"பாத்தியா பெர்னிஸ்? இவன் கேமரா கார்டைக் கொண்டுவந்து..."

அடுத்த படம் திறந்தது. மரத்தில் கேமராவைக் கட்டிக்கொண்டே, கண்ணை இடுக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

மூன்று வாரம் முன்பு கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க வந்தபோது சட்டைப்பையில் இரண்டு கார்டு இருந்தது, ஒன்று இதற்கு, மற்றது கேமராவிலிருந்து கழற்றியது, இரண்டும் ஒரே கறுப்பு. வேட்டைக்குப் போகிற அவசரம். செருகிவிட்டுக் கிளம்பியவன், விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்க்கக்கூட நிற்கவில்லை.

"அப்போ மூணு வாரமா ஃப்ரீசரை யார் பார்த்துக்கிட்டா?" என்றாள் பெர்னிஸ்.

ரெய்னோ எழுந்துபோய் ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை எடுத்துவந்தான். தேதி, குளிர் அளவு, ஒருநாள்கூட விடாமல். நான்கு இடத்தில், 'நின்றிருந்தது, ஓட விட்டேன்.'

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"பச்சை சிமிட்டலைன்னு அன்னைக்கே பாத்தேன். ஆனா நீ இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டே, ஆர்விட். எப்படியும் நீயா கண்டுபிடிப்பே, அதுவரைக்கும் நான் பாத்துக்கலாம்னு இருந்தேன்."