கட்டுமரம் கட்டியவர் யார்?

"கடலுக்குப் போற ஆக்களோட எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் சம்பந்தம் வைச்சதில்லை. கதையை இதோட விடு."

காருக்குள் இருந்தபடியே மகேசன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அப்பா, நிதுசன் எங்க கடலுக்குப் போறார்? ஸ்ட்ரோம்மனிலை பல் டொக்டர்," என்றாள் வினோஜா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"அவன்ர அப்பப்பா போனவர்தானே, மயிலிட்டியிலை?"

"அவர் செத்துப்போயே கனகாலம்."

"சாதி செத்துப்போறேல்லைப் பிள்ளை."

அப்பா ஓம் சொல்லாமல் கலியாணம் இல்லை என்று நிதுசனிடம் சொல்லி வைத்திருந்தாள் வினோஜா. அந்த ஓம் வருகிற வழியாகக் காணோம்.

மகேசன் ஊரில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். சும்மா இருக்க வராது. வேலைக்காக ஒஸ்லோ வந்த சீனர்களுக்கு, சனிக்கிழமைகளில் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இலவசமாக ஆங்கிலம் படிப்பிப்பார். அன்றும் வகுப்பு. வினோஜா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

மெய்லிங் என்ற பெண் கையை உயர்த்தினாள்.

"சேர், ஃபியோர்டுக் கடலில் ஓடுகிற விரைவுப் படகை கட்டமரான் என்கிறார்கள். எங்கள் மொழியில் அது இரட்டை உடல் படகு. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

மகேசனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஆங்கிலமா? பிள்ளை, அது எங்கட தமிழ்! மரங்களைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினால் கட்டுமரம். வெள்ளைக்காரன் எங்கட கரையிலை கண்டான், பேரையும் ஏத்திக்கொண்டு போயிட்டான்."

வகுப்பே கைதட்டியது. அவருக்கு நெஞ்சு விம்மியது. மெய்லிங் விடுவதாக இல்லை.

"அப்படியென்றால் உங்கள் குடும்பத்திலும் கட்டுமரம் கட்டினார்களா, சேர்?"

'சீச்சீ, அது வேற ஆக்கள்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லாரும் ஆவலோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஆட்கள் கட்டிய மரத்துக்கா இவ்வளவு நேரம் மார் தட்டினோம்? மனுசனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பின்வரிசைப் பக்கம் திரும்பாமல் தொண்டையைச் செருமினார்.

"என்ர மருமகன்ர அப்பப்பா கட்டினவர். மயிலிட்டியிலை பேர்போன ஆள்."

வினோஜா பாய்ந்து வெளியே போய்த் தாய்க்கு போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா ஓமெண்டிட்டார்! எனக்கில்லை, சீன ஆக்களுக்கு!"