பிணைக்கு ஒரு கையெழுத்து

"அம்மா, சாப்பாட்டுப் பையை இழுத்து மூடுங்கோ. மீன் ரோல்ஸ் மணம் படியெல்லாம் வருது!"

"மூடித்தான் கிடக்கு. உனக்குப் பதட்டத்தில மணக்குது."

"எனக்கோ பதட்டம்? நீங்கள்தான் ரெண்டு ரெண்டு படியாத் தாண்டுறீங்கள்."

குமுதினி நடையைக் குறைத்துக்கொண்டாள். தாயும் மகளும் ஜேர்மனியின் பான் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஓரறை வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது.

பானில் உள்ள ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் வசித்த பீலெஃபெல்டுக்குக் கடிதம் வந்த அன்று, வீட்டில் மூன்று பேரும் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தார். வீடு தேடத் தொடங்கியதும் அந்தச் சத்தம் அடங்கிப் போனது. கைக்கு வரும் சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். பயிற்சிக்காலச் சம்பளம் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை.

வகுப்புத் தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. வாடகை தவறினால் கட்டுவதாகப் பிணை நிற்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது இந்த வீட்டுக்காரி ஒருவர்தான். இதுவும் கைவிட்டுப் போனால் பயிற்சி இடத்தையே விட வேண்டியதுதான்.

"நான் கதைச்சு முடியுமட்டும் நீங்கள் வாய் திறக்கப்படாது," என்றாள் சிவானுஜா. "போன முறை பாத்த வீட்டில, மீன் பொரிக்கலாமோ எண்டு கேட்டுத்தானே கெடுத்தனீங்கள்?"

"கேக்காமல் பொரிச்சால் பிறகு பிரச்சினை வராதே?"

"அதை விடுங்கோ. காலமை அப்பா என்ன புறுபுறுத்தவர்?"

"பொம்பிளை வேற ஊரில தனிய இருந்து படிக்கிறதோ, சனம் என்ன கதைக்கும் எண்டார். பிறகு தானே காரை எடுத்து எங்களை ஸ்டேசனில விட்டார். பாவம் மனுசன். இனி வீட்டில மிஞ்சிற ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுக் குமுதினி சிரித்தாள். சிவானுஜா மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்த நெடிய பெண்மணி, வீட்டுக்காரி ஃப்ராவ் வீலாண்ட்.

"ஃப்ராவ் தவராசா?" என்றார் ஜேர்மன் மொழியில்.

அந்தக் குடும்பப் பெயர் கொண்ட இருவரும் ஒரே நேரத்தில் "யா!" என்றார்கள். ஃப்ராவ் வீலாண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சகுனம் என்று சிவானுஜா நினைத்தாள்.

அறை சின்னதுதான். ஆனால் வெளிச்சம் நிறைய இருந்தது. குமுதினி குழாயைத் திறந்து பார்த்தாள். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு ஓடினாள்.

"பிள்ளை, இஞ்ச வந்து பாரன்! ட்ராம் போறது தெரியுது. இதிலயே மேசையைப் போட்டால் வெளிச்சத்தில இருந்து படிக்கலாம்!"

"மெதுவா, அம்மா. ஆசையைக் காட்டினால் வாடகையைக் கூட்டிப்போடுவா."

"காட்டாமல் இருக்க ஏலாமல் கிடக்கே!"

ஃப்ராவ் வீலாண்ட் சிவானுஜாவை மேலும் கீழும் பார்த்தார். கிழிந்த ஜீன்ஸில் அவருடைய கண் கொஞ்ச நேரம் நின்றது.

"தாதிப் பயிற்சி கடினம். விடியும் முன்பே எழும்ப வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் எனக்கு வாடகை யார் தருவது?"

"பாதியில் விடும் எண்ணமே இல்லை," என்றாள் சிவானுஜா.

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னும் கேளுங்கள். பாட்டுச் சத்தம் வெளியே வரக் கூடாது. விருந்து, கூட்டம் எதுவும் கூடாது. ஆண் நண்பர்கள் வந்து இரவில் தங்குவதும் எனக்குப் பிடிக்காது. முன்பு இருந்த பயிற்சிப் பெண்ணிடம் பட்டது போதும்."

குமுதினியின் முகம் சிவந்து போனது. அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிவானுஜா உதட்டைக் கடித்தாள்.

"சிரியாதை, பிள்ளை," என்றாள் தாய் தமிழில். "சிரிச்சியோ, வீடும் போச்சு."

"அப்ப நீங்கள் ஏன் குலுங்கிறீங்கள்?"

ஃப்ராவ் வீலாண்ட் ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். "பிணை நிற்பவரின் சம்பளச் சீட்டுகள்?" என்று குமுதினியிடம் கையை நீட்டினார்.

சிவானுஜா முதுகுப் பையிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தாள். ஃப்ராவ் வீலாண்ட் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் படித்தார். மேசைக்கு அடியில் தாயின் கை மகளின் கையைத் தேடிப் பிடித்தது.

"மூன்று மடங்கு கேட்டேன். இது நான்கையும் தாண்டுகிறதே! எனக்குச் சம்மதம்."

"கிடைச்சிட்டுது!" என்று குமுதினி கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டாள்.

"பிணைக்கு அம்மா இங்கே. வாடகைக்கு மகள் இங்கே," என்று ஃப்ராவ் வீலாண்ட் பேனாவை நீட்டினார்.

சிவானுஜா பேனாவை வாங்கினாள். பிணை நிற்பவருக்கான இடத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ, அது அம்மாவின் இடம்!"

"சம்பளச் சீட்டுகள் என்னுடையவை," என்று சொல்லிவிட்டுச் சிவானுஜா பேனாவைத் தாயிடம் கொடுத்தாள்.

குமுதினி கீழே, வாடகைக்கு இருப்பவருக்கான இடத்தில், தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டில் முதல் தடவையாக ஜேர்மனில் முழு வசனம் பேசினாள்.

"பாட்டு இல்லை, விருந்து இல்லை, பாதியில் விடவும் மாட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் என்னுடைய கணவர் வந்து தங்கினால் உங்களுக்குப் பரவாயில்லையா?"