சிவப்புத் துண்டு

குளியலறைக் கதவின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. கதவு வரவில்லை.

கைப்பிடியின் மறுபாதி வெளியே ணங்கென்று விழுந்து உருண்டது. மணி ஏழுகூட ஆகவில்லை.

எனக்குப் படபடப்பு வரவில்லை. இந்தக் காலையை நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே நினைத்துப் பார்த்துவிட்டேன். தனியாக இருக்கிறவள் உள்ளே மாட்டிக்கொள்வாள். போன் சமையல் மேடையில் கிடக்கும். அது அடிக்கவும் அடிக்காது. அதற்காகத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு ஸ்க்ரூடிரைவர்.

லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. முப்பத்திரண்டு வருஷம்.

கயிறு அறுந்தால்? பிரேக் பிடிக்கும் மேடம். பிரேக்கும் பிடிக்காவிட்டால்? வாயை வைக்காதீங்க மேடம். முதுகுக்குப் பின்னால் என் பேர் ‘ஒருவேளை.’ எந்த மெக்கானிக்காவது “என்ன ஆயிடப் போகுது” என்று சொல்லிவிட்டால் போதும், அவனை மறுபடி மேலே ஏற்றிவிடுவேன்.

நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழவில்லை. விழாத லிஃப்டுக்கு யார் கைதட்டுவார்கள்? நான் ஓய்வு பெற்ற அன்று எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஆனால் திருகவில்லை. போன வருஷம் முறிந்து கூடிய மணிக்கட்டு இது. அதை வருத்துவதற்கு முன்னால் இன்னொரு வழி இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரக்கா.

அவளும் என்னைப் போல ஒண்டி ஆள்தான். ஏற்பாடு என்னுடையது. காலை ஏழு மணிக்கு அவரவர் பால்கனிக் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைப் போட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துவிட வேண்டும். போடாவிட்டாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, மற்றவள் வந்து கதவைத் தட்ட வேண்டும்.

எடுப்பது எதற்கு என்று கேட்டாள். எப்போதும் தொங்குகிற துண்டு எதையும் சொல்லாது அக்கா என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லா இருக்கும்போதே என்னைத் தூக்க ஆள் ஏற்பாடு பண்றியாடி?”

என் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். தன் சாவியைத் தரவில்லை. அவள் வீட்டுப் பூட்டு வெளிப்பக்கம் நாலே நாலு திருகில் நிற்கிறது, எவன் வேண்டுமானாலும் கழற்றிவிடுவான், மாற்று மாற்று என்று நான் சொல்லாத நாளில்லை. அதையும் மாற்றவில்லை. ஆனால் துண்டை மட்டும் ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

எப்படியும் ஏழரைக்குள் பார்த்துவிடுவாள். சாவியோடு வருவாள். வந்ததும் ஒரு வாரத்துக்குக் கேலி பேசுவாள். பேசட்டும். கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். எங்கேயோ குக்கர் கத்தியது. எட்டு மணிச் சங்கு ஊதி அடங்கியது.

சாவிச் சத்தம் மட்டும் இல்லை.

வேறு யாராவதாக இருந்தால், மறந்துவிட்டாள் பாவி என்று கோபப்பட்டிருப்பார்கள். எனக்கு அவ்வளவு நல்லதாக நினைக்க வராது.

கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினேன். நாலாவது திருகலில் மணிக்கட்டுக்குள் எதுவோ ஒன்று முனகியது. கதவு திறந்தது.

நேரே பால்கனிக்கு ஓடினேன்.

அவள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பாக, நேராக, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு.

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்பாடா. நல்லாத்தான் இருக்கிறாள். தன் துண்டைப் போட்டவளுக்கு என் கம்பி காலியாகக் கிடந்தது மட்டும் தெரியவில்லை. அவளைத் திட்ட நல்ல வார்த்தையாக ஒன்றைத் தேடிக்கொண்டே, ஒட்டினாற்போல் இருந்த அவள் பால்கனிக்குக் கையை நீட்டினேன். எதையும் தொட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

காலையிலிருந்து சுள்ளென்று வெயில். மழை பெய்தது ராத்திரி.

எப்படி அவள் வாசலுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. தட்டினேன், கூப்பிட்டேன். மண்டிபோட்டு உட்கார்ந்து முதல் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அவள் என் பேச்சைக் கேட்காதது நல்லதாய்ப் போனது அந்த ஒருமுறைதான்.

இரண்டாவது திருகு கழன்றபோது உள்ளே, தரைமட்டத்திலிருந்து, நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

“நேத்து சாயங்காலமே வந்துடுவேன்னு பார்த்தேன்டி. துண்டைப் பார்க்கலையா நீ?”

என் கை நின்றுவிட்டது.

நேற்று ஐந்தரைக்கே மழை பிடித்துக்கொண்டது. என் துண்டை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவளுடையது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆறாகவில்லையே. ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். கால்வரை போர்த்திக்கொண்டேன். ஆறு மணிக்கு ஒருதரம் எழுந்து பார்க்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது.

ஒருநாள்தானே, என்ன ஆயிடப் போகுது என்று படுத்துவிட்டேன்.