வராத நாட்கள்

அமிர்தம் மேடம் இரண்டு முறை சொல்லியும் குஞ்சம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை.

கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையில் ஒட்டியிருந்த காய்ந்த சோகை இலைத் துணுக்குகள் கல்லூரித் தரையில் உதிர்ந்துவிடப் போகின்றன என்று முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி வருவதற்குள் திரும்பிவிடுவதாக மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தவள்.

செவ்வந்தி அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். இன்றைக்குக் கன்னத்தில் அறை விழும் என்று அவளுக்குத் தெரியும். இங்கேயா, பஸ் ஸ்டாண்டிலா என்பதுதான் தெரியவில்லை.

வருகை குறைவு, தேர்வு எழுத விடமாட்டார்கள், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா என்று மேடம் போன வாரமே சொல்லியிருந்தார். மேடம் உன்னைப் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும்தான் செவ்வந்தி அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. மாதாமாதம் சேர்ந்தாற்போல் சில நாட்கள் உங்கள் பெண் கல்லூரிக்கே வருவதில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

குஞ்சம்மாளுக்குத் தெரியாது. காலேஜ் லீவு என்று மகள் சொன்னதை நம்பி, உலை வைக்கச் சொல்லிவிட்டு விடியுமுன்னே கரும்பு வெட்டுக்குப் போய்விடுகிறவள். அது என்ன லீவு, மாதம் தவறாமல் வருகிறதே என்று யோசிக்க அவளுக்கு ஓய்வு இருந்ததில்லை.

அவள் முகம் செத்துப்போயிற்று.

“எவன் கூடங்க?” என்றாள்.

மேடம் அவசரமாகத் தலையை ஆட்டினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னார்.

இந்தக் கட்டடத்துக்கே பெண்கள் கழிவறை ஒன்றுதான். அதில் தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாள் உடைந்துபோய், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாப்கின் போடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது. திறப்பு விழா வைத்துப் படம் எடுத்த அன்றைக்கு நிரப்பியதோடு சரி. முதல்வரிடம் கேட்டால் நிதி வரவில்லை என்கிறார். எனக்கே அந்த நாளில் மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடித்தான் ஆகவேண்டியிருக்கிறது. வெள்ளிமலையிலிருந்தும் எலவனாசூர்கோட்டையிலிருந்தும் வருகிற பெண்கள் எங்கே ஓடுவார்கள்?

மேடத்துக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. முதல் வருஷம் ஒரு சாயங்காலம், ஊருக்குப் போகிற பஸ்ஸில் செவ்வந்தி எழுந்து இறங்கும்போது கண்டக்டர் சீட்டைப் பார்த்தார். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் விரித்தார். பஸ்ஸே பார்த்தது. அதன் பிறகுதான் அவளுக்கு இந்த லீவு வர ஆரம்பித்தது.

குஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெல்ல நாற்காலியை இழுத்து அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். அதானா, அதானா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தவள் போல மூச்சு விட்டாள்.

அறை விழவில்லை.

மேடம் அங்கிருந்தே முதல்வருக்குப் போன் செய்தார். நல்ல பெண், படிக்கிற பெண் என்று கெஞ்சாத குறையாகப் பேசினார். இந்த ஒரு முறை எழுதட்டும், இனிமேல் நாள் குறைந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்தப் பக்கம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

குஞ்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். செவ்வந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் கதவு வரை போய்விட்டார்கள்.

அங்கே குஞ்சம்மாள் நின்றாள். எதையோ கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, மேசைக்குத் திரும்பி வந்தாள்.

“படிப்பு முடியிற வரிக்கும் அத நிறுத்தி வைக்க மாத்திர எதனா இருக்குதாங்க? எங்களுக்கு ஒரேடியா எடுத்துட்டாங்க. இவளுக்கு இன்னும் கண்ணாலம் ஆவணும், அப்பிடி எடுக்க முடியாது.”

மேடம் எதை என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

குஞ்சம்மாள் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மாதாமாதம் லீவு கேட்கிற பொம்பளையை இனிமேல் வெட்டுக்குச் சேர்க்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டதையும், அவரே வேன் வைத்து அவளோடு இன்னும் சில பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதையும், யாரோ வீட்டுச் சங்கதி போலச் சொன்னாள். இடுப்புதான் குனிந்தால் நிமிர முடியவில்லையாம். மற்றபடி ஒரு நாள்கூட வேலை தவறுவதில்லை என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செவ்வந்தி கதவைப் பிடித்தபடி நின்றாள். இதில் ஒரு வார்த்தையும் அவள் அதுவரை கேட்டதில்லை.

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, இது எப்போது நடந்தது என்று கேட்டார்.

குஞ்சம்மாள் மகள் பக்கம் திரும்பவில்லை.

“இவளுக்கு இங்க சீட்டு கெடச்சப்பதாங்க. வெளியூரு வெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். காலேஜில சேக்கக்கூட நீ வரலியேன்னு இன்னிக்கு வரிக்கும் எம்மேல கோவமா இருக்குறா.”